நோயாளி ஊரிலிருந்து வருகிறார்

2023 செப்டம்பரில் மருத்துவ மேற்படிப்புக்கான நீட் தேர்வின் தகுதி வரம்பைப் பூஜ்ஜியம் பர்சன்டைலுக்கு இறக்கினார்கள். தேர்வு எழுதிய எவரும் கலந்தாய்வுக்கு வரலாம் என்றானது. நிரம்பாமல் கிடந்த இடங்களை எப்படியாவது நிரப்ப வேண்டும் என்பதுதான் காரணம். எந்தத் துறை இடங்கள் அப்படிக் கிடக்கும் என்பதை மருத்துவக் கல்லூரிப் பக்கம் போய்வந்த யாரும் சொல்லிவிடுவார்கள். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், மருந்தியல். அவற்றோடு சமூக மருத்துவம். கதிரியக்கமும் தோல் மருத்துவமும் பொது மருத்துவமும் முதல் சுற்றிலேயே போய்விடும்.

இந்த வரிசைக்குப் பின்னால் சம்பளக் கணக்கு மட்டும் இல்லை. ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. மருத்துவம் என்றால் ஒரு நோயாளி, ஒரு மருத்துவர், அவர்களுக்கு நடுவில் ஒரு ஸ்டெதாஸ்கோப்; மற்றதெல்லாம் நிர்வாகம் என்ற நம்பிக்கை. சமூக, தடுப்பு மருத்துவத்தை ‘எஸ்.பி.எம்.’ என்று உச்சரிக்கும்போதே எம்.பி.பி.எஸ். மாணவர்களின் குரலில் சலிப்பு தட்டும். தேர்வுக்கு முந்தைய வாரங்களில் பார்க் எழுதிய பாடப்புத்தகத்தை உருப்போட்டு எழுதிவிட்டால் பாடம் முடிந்தது. பொது மருத்துவத்திலும் அறுவைச் சிகிச்சையிலும் பெயர்பெற்ற பேராசிரியர்கள் பலரும் இதை வாய்விட்டே சொல்வார்கள்: இந்தத் துறையின் மையமான நோய்ப்பரவலியல் என்பது புள்ளிவிவரம், அது தேவைதான், ஆனால் அதைச் செய்பவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை.

அந்தத் தரப்பை அதன் வலுவான வடிவத்திலேயே எடுத்துக்கொள்வோம். மாவட்ட மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் மதியத்துக்குள் நூறு பேருக்கு மேல் பார்த்தாக வேண்டிய இளம் மருத்துவர் ஒருவர். அவருக்கு வேண்டியது கைத்திறன். வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீக்கத்தைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும், பிரசவம் பார்க்கத் தெரிய வேண்டும், மூச்சுக்குழாயில் குழாய் இறக்கத் தெரிய வேண்டும். விகிதமும் விழுக்காடும் அவருக்கு எதற்கு? மக்கள் கூட்டத்தைக் கவனிக்கப் பொதுச் சுகாதாரத் துறை இருக்கிறது. ஆராய்ச்சிக்கு ஐ.சி.எம்.ஆர். நிறுவனங்கள் இருக்கின்றன. கணக்குப் போடக் கணினி இருக்கிறது. மருத்துவக் கல்லூரியின் நேரத்தையும் பணத்தையும் இதில் ஏன் கரைக்க வேண்டும்?

கேட்பதற்கு நியாயம்போல இருக்கும் இந்த வாதம் முழுக்கத் தவறு. இதனால் நோயாளிகள் சாகிறார்கள் என்பதால் இதைச் சும்மா விட முடியவில்லை.

அந்த இளம் மருத்துவரின் மேசையிலிருந்தே தொடங்கலாம். ஐந்து நாள் காய்ச்சலோடு ஒருவர் வந்து உட்காருகிறார். தமிழ்நாட்டில் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: ‘வைடால்’ ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார்கள், முடிவு பாசிட்டிவ் என்று வரும், டைஃபாய்டு என்று ஊசி ஏறும். ஒருமுறை மட்டும் எடுத்த வைடால் பரிசோதனைக்கு என்ன மதிப்பு? டைஃபாய்டு காலங்காலமாக இருந்துவரும் ஊரில், என்றோ வந்துபோன தொற்றின் எதிர்ப்புப் பொருள் நல்ல உடல்நிலையில் இருப்பவரின் ரத்தத்திலும் இருக்கும். ஆகவே அந்த ஊரில் காய்ச்சல் இல்லாதவர்களுக்கு எந்த அளவு இருக்கிறது என்று தெரிந்தால்தான், காய்ச்சல் உள்ளவரின் அளவுக்கு அர்த்தம் உண்டு. காய்ச்சல் இல்லாதவர்களை மருத்துவமனை பார்ப்பதே இல்லை. அவர்களைத் தேடிப் போய் ரத்தம் எடுத்து அளந்து வைத்திருப்பவர் யாரோ, அவர்தான் இந்த நோயாளிக்கு என்ன நோய் என்று சொல்வதில் பாதி வேலையைச் செய்தவர்.

இது வைடாலுக்கு மட்டும் உள்ள குறை என்று நினைத்துவிடக் கூடாது. மிக நல்ல பரிசோதனை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். நோய் உள்ளவர்கள் 100 பேரில் 95 பேரைக் கண்டுபிடிக்கும். நோய் இல்லாதவர்கள் 100 பேரில் 95 பேரை இல்லை என்றே சொல்லும். 10,000 பேரில் 100 பேருக்கு அந்த நோய் இருக்கும் ஊரில் இதைச் செய்து பார்த்தால், உண்மையான நோயாளிகளில் 95 பேர் சிக்குவார்கள். கூடவே நோயே இல்லாத 495 பேரும் பாசிட்டிவ் என்று வருவார்கள். பாசிட்டிவ் என்ற தாளோடு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு நோய் இருக்க வாய்ப்பு ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அதே பரிசோதனையை, 10,000 பேரில் 3,000 பேருக்கு நோய் இருக்கும் இடத்தில் செய்தால், பாசிட்டிவ் வந்த 3,200 பேரில் 2,850 பேருக்கு நோய் நிச்சயம். சோதனைக் குழாயும் மருந்தும் ஆய்வகமும் மாறவில்லை. ஊர் மட்டும்தான் மாறியது. நோயாளியின் கையிலிருக்கும் தாளின் பொருளை அவர் வந்த ஊர் தீர்மானிக்கிறது. இதை அறியாத மருத்துவர் எவ்வளவு கைத்திறன் உள்ளவராக இருந்தாலும், தாளில் உள்ள எழுத்தைத்தான் படிக்கிறார், நோயாளியைப் படிக்கவில்லை. மாஸ்டர் ஹெல்த் செக்கப் என்று நல்ல உடல்நிலையில் உள்ளவர்களை வரிசையில் நிறுத்தி முப்பது நாற்பது பரிசோதனைகள் எடுத்து, அதில் வரும் சிவப்பு எழுத்துகளுக்குப் பயந்து ஸ்கேனுக்கு ஓடவைக்கும் வணிகம் இந்த அறியாமையின் மேல்தான் நிற்கிறது.

காய்ச்சலுக்கே திரும்புவோம். 2000களின் தொடக்கத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் குளிர்மாதக் காய்ச்சல்களில் ஒரு கூட்டத்தைத் தனியாகப் பிரித்தறிந்தார்கள். அது ஸ்க்ரப் டைஃபஸ், நாம் இப்போது உண்ணிக் காய்ச்சல் என்று சொல்வது. புதரிலும் வயல் ஓரத்திலும் இருக்கும் நுண்ணிய உண்ணியின் இளம்புழு கடித்து வருவது. அக்குளிலோ தொடை இடுக்கிலோ மார்பின் அடியிலோ கருகிய சிறு புண் ஒன்று இருக்கும், தேடினால்தான் தெரியும். டாக்சிசைக்ளின் என்ற மிக மலிவான மாத்திரைக்கு இது அடங்கிவிடும். டைஃபாய்டுக்கு ஏற்றப்படும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி இதற்கு வேலை செய்யாது. எந்த மாதத்தில், எந்த வட்டாரத்தில், காய்ச்சலோடு வருபவர்களில் எத்தனை பேருக்கு இது இருக்கிறது என்று தெரிந்த மருத்துவர் ஆடையை விலக்கிப் புண்ணைத் தேடுவார், மாத்திரையை முதல் நாளே தொடங்குவார். தெரியாதவர் ஊசியை ஏற்றிக்கொண்டே இருப்பார். நுரையீரல் பழுதாகி நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவார். மருத்துவர் எதைத் தேட வேண்டும் என்பதை அவருடைய கைத்திறன் முடிவு செய்வதில்லை. கை எங்கே போக வேண்டும் என்று சொல்வதே நோய்ப்பரவலியல்.

நோயாளி வந்து உட்கார்ந்த பிறகு நடப்பதையே இதுவரை சொன்னேன். வராமலே போனவர்களை யார் பார்ப்பது?

வேலூருக்குப் பக்கத்தில் கணியம்பாடி ஒன்றியம். ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள். அதே கல்லூரியின் சமூக சுகாதாரத் துறை பல பத்தாண்டுகளாக அங்கே வேலை செய்துவருகிறது. கிராமத்திலேயே வாழும் சுகாதாரப் பணிப்பெண், அவருக்கு மேல் ஒரு உதவியாளர், அவருக்கு மேல் செவிலியர், அவருக்கு மேல் மருத்துவர். ஒவ்வொரு கர்ப்பமும் பிறப்பும் இறப்பும் பதிவாகும். ஒருவர் இறந்துவிட்டால் வீட்டாரோடு உட்கார்ந்து, கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்டு, காரணத்தை முடிவு செய்வார்கள். கல்லூரியின் மாணவர்கள் முதலாண்டிலேயே கிராமத்தில் தங்கி வீடு வீடாகப் போவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பதிவேடு நிரப்பும் வேலைதான்.

அந்தப் பதிவேட்டிலிருந்து 2003-இல் ஒரு ஆய்வு வந்தது. 1994 முதல் 1999 வரையிலான ஆறு ஆண்டுகளில் அந்த ஒன்றியத்தில் தற்கொலை விகிதம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 95. காவல்துறைப் பதிவுகளைக் கொண்டு தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அக்காலத்தில் நாடு முழுவதற்கும் காட்டிய விகிதம் லட்சத்துக்கு 11-ஐ ஒட்டி இருந்தது. மறுவருடம் இன்னொன்று வந்தது, இதைவிடக் கனமானது. 10 வயதிலிருந்து 19 வயது வரை உள்ளவர்களில், பத்தாண்டுச் சராசரியாக, பெண்களுக்கு லட்சத்துக்கு 148, ஆண்களுக்கு 58. அந்த வயதில் இறந்த பெண்களில் பாதி முதல் முக்கால் பங்குவரை தற்கொலை. உலகமெங்கும் ஆண்களே அதிகம் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்று பாடநூல் சொல்லிக்கொண்டிருந்தபோது, வட ஆற்காட்டின் ஒரு மூலையில் வளரிளம் பெண்கள் அதற்கு நேர்மாறாக மடிந்துகொண்டிருந்தார்கள்.

இந்தப் பெண்களில் எத்தனை பேர் மனநல மருத்துவரின் அறைக்கு வந்திருப்பார்கள்? பலர் எந்த மருத்துவமனைக்கும் வராமலே போனவர்கள். காவல் நிலையத்துக்குப் பயந்தும் ஊர்ப்பேச்சுக்குப் பயந்தும் ‘வயிற்றுவலியில் இறந்தாள்’ என்று குடும்பங்கள் சொல்லிப் புதைத்தவர்கள். படுக்கையருகே மட்டும் நின்ற மருத்துவத்துக்கு அவர்கள் இருந்ததே தெரியாது. அந்தக் கிராமத்துப் பணிப்பெண்ணுக்குத் தெரிந்தது. அவர் எழுதிய வரியை வாரந்தோறும் எடுத்துப் பார்த்த கல்லூரிக்குத் தெரிந்தது. இதைக் குமாஸ்தா வேலை என்று சொல்பவர்கள் அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்க்கட்டும்.

காசநோயின் கதை சென்னையினுடையது என்பதால் அதைச் சொல்லாமல் நகர முடியாது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், சேத்துப்பட்டில் இன்றும் வேறு பெயரில் இருக்கும் நிறுவனம், ஓர் எளிய கேள்வியைக் கேட்டது. நோயாளியைச் சானடோரியத்தில் வைத்து நல்ல உணவும் ஓய்வும் கொடுத்துச் சிகிச்சை செய்வதும், அதே மருந்தை அவருடைய குடிசையிலேயே கொடுப்பதும் ஒரே பலனைத் தருமா? 193 பேரை இரண்டு பிரிவாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் குறைவாக உண்டார்கள், அதிகமாக உழைத்தார்கள், நெரிசலில் வாழ்ந்தார்கள். ஆனாலும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்று கூடவும் இல்லை. 1959-இல் இது வெளியானதும் உலகமெங்கும் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. அனுபவமிக்க எந்த மருத்துவரைக் கேட்டிருந்தாலும், நல்ல காற்றும் படுக்கையும் இன்றிக் காசம் தீராது என்றுதான் சொல்லியிருப்பார். ஒருவர் தன் வாழ்நாளில் பார்த்த நோயாளிகள் எத்தனை பேராக இருந்தாலும், அவர் பார்க்காத மறுபாதியோடு ஒப்பிடாமல் அந்த அனுபவத்துக்குத் தன் தவற்றைத் தானே கண்டுபிடிக்க வழியில்லை.

அந்த ஆய்விலிருந்து உலகம் ஒரு பிழையான பாடத்தையும் எடுத்துக்கொண்டது. காசநோய்க்கு மருந்து போதும், உணவு முக்கியமில்லை என்று. மருந்து சாப்பிடுபவர் குணமாவாரா என்பதுதான் சென்னை கேட்ட கேள்வி. அவர் வீட்டில் அடுத்து யார் விழுவார் என்பது வேறு கேள்வி. அதைக் கேட்க 2019 வரை ஆனது. மங்களூரு யெனபோயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும், சென்னை நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டு, ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளின் வீடுகளில் இருந்த 10,345 பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஒரு பாதி வீடுகளில் குடும்பத்தாருக்கும் மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. தடுப்பூசி தேடி உலகம் கோடிகளைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆசிரியர்கள் அரிசி மூட்டையோடு போய் இதை நிறுவினார்கள். 2003-இல் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் இறந்த 43,000 ஆண்களைப் பற்றி விசாரித்து, புகைபிடிப்பவர்கள் காசநோயால் இறப்பது மற்றவர்களைவிட நான்கு மடங்கு அதிகம் என்று காட்டியதும் இந்த வழியில்தான். 2022-இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இன்று தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நோயாளி வந்த அன்றே எடையைப் பார்க்கிறது, மூச்சை எண்ணுகிறது, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று கேட்கிறது. ஆபத்தில் உள்ளவரை உடனே உள்நோயாளியாகச் சேர்க்கிறது. எந்த அறிகுறி உள்ளவர் முதல் இரண்டு மாதத்துக்குள் இறக்கிறார் என்று எண்ணிப் பார்த்தவர்கள் இருந்ததால்தான் ஒரு செவிலியர் பெரிய கருவி எதுவும் இல்லாமல் இதைச் செய்ய முடிகிறது.

இல்லை என்று சொல்வதும் இந்தத் துறையின் வேலைதான். செங்கல்பட்டு மாவட்டத்தில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை வைத்து 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வு, அந்தத் தடுப்பூசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று காட்டியது. அண்மையில் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவும் பங்கேற்ற நான்கு நாட்டு ஆய்வில், கர்ப்பிணிகளுக்கு விறகடுப்புக்குப் பதிலாக எரிவாயு கொடுத்தும் குழந்தையின் பிறப்பு எடை கூடவில்லை. உழைத்தவர்களுக்கு இது கசப்பான முடிவாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் வெளியிட்டார்கள். நாம் விரும்புவது உண்மையில்லை என்று நமக்கே சொல்லும் இந்த ஒழுக்கத்தை மருத்துவ மாணவர்கள் வேறெங்கே கற்பார்கள்? மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி கொண்டுவரும் வழவழப்பான தாளிலா?

‘இதற்கெல்லாம் தனி நிறுவனங்கள் இருக்கின்றனவே’ என்பது அடுத்த வாதம். இருக்கின்றன, அவற்றின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு. சென்னை அயப்பாக்கத்தின் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் 2001 முதல், பணியில் இருக்கும் மருத்துவர்களைக் களத்திலேயே வைத்துப் பயிற்றுவிக்கிறது. கோவிட் காலத்தில் தமிழ்நாடு எடுத்த பல நல்ல முடிவுகளில் அங்கிருந்தவர்களின் பங்கு உண்டு. ஆனால் புதிய நோய் நிறுவனத்தின் கதவைத் தட்டிக்கொண்டு வருவதில்லை. அது வார்டுக்குத்தான் வருகிறது, அல்லது வார்டுக்கு வராமல் எங்கோ ஒளிந்திருக்கிறது. அதைத் தேடிப் போகத் தோன்ற வேண்டியது கல்லூரியில் இருப்பவருக்கு.

1986-ஐ நினைத்துப் பார்க்கலாம். எய்ட்ஸ் மேலைநாட்டு நோய், நம் பண்பாட்டில் அது வராது என்று அதிகாரிகளும் நாளிதழ்களும் சொல்லிக்கொண்டிருந்த நேரம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்த நிர்மலாவுக்கு, பேராசிரியர் சுனிதி சாலமன் ஆய்வேட்டுத் தலைப்பாக இதையே கொடுத்தார். நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களைத் தேடிப் போய் ரத்தம் எடுத்தார், மாதிரிகளை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்தார், ரயிலேறி வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று அந்த ஒரு மாணவியின் ஆய்வேடு நிறுவியது. அவர் சமூக மருத்துவத் துறையைச் சேர்ந்தவரும் இல்லை. யாரிடம் இருக்கலாம், எவ்வளவு பேரிடம் இருக்கிறது, எங்கே போய்ப் பார்த்தால் தெரியும் என்று அவரும் அவருடைய பேராசிரியரும் கேட்டார்கள், அவ்வளவுதான். எல்லாத் துறை மாணவருக்கும் இந்தக் கேள்வி வர வேண்டும் என்றால் அது கல்லூரிக்குள்தான் ஊற வேண்டும்.

வெளிநாட்டில் செய்த ஆய்வை எடுத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ரோட்டா வைரஸ் பதில் சொல்லும். இருமுறை அந்தத் தொற்று வந்துபோன குழந்தைக்கு அடுத்துக் கடுமையான வயிற்றுப்போக்கு வராது என்று மெக்சிகோவில் 1996-இல் கண்டார்கள். ககன்தீப் காங் குழு வேலூரின் நெரிசலான குடியிருப்புகளில் 373 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து மூன்று வயதுவரை வாராவாரம் பின்தொடர்ந்தபோது, மூன்று தொற்றுக்குப் பிறகும் பாதுகாப்பு 79 விழுக்காட்டைத் தாண்டவில்லை. நம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி முழுக்கவசமாக இராது, ஆனாலும் சாவைக் குறைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்ததால்தான் பின்னால் வந்த தடுப்பூசி ஆய்வின் முடிவைக் கண்டு யாரும் தடுமாறவில்லை. மெக்சிகோவின் எண்ணை நம்பியிருந்தால் தடுப்பூசி தோற்றுவிட்டது என்று நினைத்திருப்போம்.

கணினி பார்த்துக்கொள்ளும் என்ற வாதம் இப்போதுதான் பலமாகியிருக்கிறது. மருத்துவமனைப் பதிவுகள் அனைத்தும் மின்மயமாகிவிட்டன, செயற்கை நுண்ணறிவு அதிலிருந்து எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும் என்கிறார்கள். பீகாரின் முசாபர்பூரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கோடையிலும் குழந்தைகள் விடியற்காலையில் வலிப்பு கண்டு மயங்கி இறந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்று ஆண்டுக்கணக்கில் வைரஸைத் தேடினார்கள். 2014-இல் மட்டும் இரண்டு மருத்துவமனைகளுக்கு 390 குழந்தைகள் வந்தார்கள், 122 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு 104 நோயுற்ற குழந்தைகளையும் அதே வயதில் வேறு காரணத்துக்காக மருத்துவமனைக்கு வந்த 104 குழந்தைகளையும் ஒப்பிட்டுத் தாய்மாரிடம் கேட்டார்கள். லிச்சிப் பழம் தின்றார்களா? முந்தைய இரவு சாப்பிட்டார்களா? பகலெல்லாம் தோப்பில் விழுந்த பழத்தைத் தின்றுவிட்டு இரவு சோறில்லாமல் படுத்த குழந்தைகள்தான் விடியலில் விழுந்தார்கள். பழத்தில் இருக்கும் ஹைப்போகிளைசின் என்ற பொருள், வெறும் வயிற்றில் இருக்கும் குழந்தையின் ரத்தச் சர்க்கரையை வீழ்த்திவிடுகிறது. ராத்திரி சாப்பிட்டானா என்ற கேள்விக்கான கட்டம் எந்த மருத்துவமனை மென்பொருளில் இருக்கிறது? இல்லாத தரவிலிருந்து எந்த இயந்திரமும் விடை எடுக்காது. என்ன கேட்பது என்று யோசித்து, அந்தத் தாயின் முன் உட்கார்ந்து, அவள் வெட்கப்படாதபடி கேட்கத் தெரிந்த ஒரு மருத்துவர் வேண்டும்.

அந்த மாவட்டத்தில் 2019-இல் மறுபடியும் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். விடை தெரிந்த பிறகும் இறந்தார்கள். கண்டுபிடித்தது ஒரு குழு. குழந்தை வந்தவுடன் சர்க்கரையை அளந்து குளுக்கோஸ் ஏற்ற வேண்டியவர்கள் கிராமத்து நிலையங்களில் இருந்த நூற்றுக்கணக்கான சாதாரண மருத்துவர்கள். நோய்ப்பரவலியலைச் சில நிபுணர்களின் வேலையாக மட்டும் வைத்தால் இப்படித்தான் ஆகும். ஆராய்ச்சி ஓரிடத்திலும் பயிற்சி ஓரிடத்திலும் இருக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எதிர்த்தரப்பின் கோபத்தில் ஒன்று மட்டும் நியாயமானது. இன்று பெரும்பாலான கல்லூரிகளில் இந்தப் பாடம் கற்பிக்கப்படும் லட்சணம் வெறுக்கத்தக்கதே. பால் பண்ணைக்கும் குடிநீர் நிலையத்துக்கும் ஒரு பேருந்து. கொசுவின் படத்துக்கு மதிப்பெண். கொள்ளளவும் குளோரின் அளவும் மனப்பாடம். மேற்படிப்பு ஆய்வேடு என்றால் ‘கே.ஏ.பி.’, அதாவது ஒரு நோயைப் பற்றிய அறிவும் மனப்பான்மையும் நடைமுறையும், கைக்கெட்டிய இருநூறு பேரிடம் நிரப்பி வாங்கிய தாள். சில நேரம் அந்த இருநூறு பேரும் அதே கல்லூரியின் மாணவர்களே. பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்ற விதி வந்தபின் இந்தத் தாள்கள் பெருகின. எந்தக் கேள்விக்கும் விடை வரவில்லை. இதைப் பார்த்து ஒரு மாணவர் இந்தத் துறையை மதிக்காமல் போனால் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாடம் மோசமாக நடத்தப்படுகிறது என்பதற்காகப் பாடமே வேண்டாம் என்று யாரும் அறுவைச் சிகிச்சையைப் பற்றிச் சொல்வதில்லை. 1946-இல் போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழு ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் இந்தத் துறை வேண்டும் என்று சொன்னபோது, சமூகத்தைப் புரிந்த மருத்துவரை உருவாக்குவதே நோக்கமாக இருந்தது. துறையை உண்டாக்கினோம், அதற்கு ஒரு ஊரைக் கொடுக்க மறந்தோம்.

பொது மருத்துவத் துறைக்குப் படுக்கைகள் இருக்கின்றன, அறுவைத் துறைக்கு அரங்கு இருக்கிறது. சமூக மருத்துவத் துறைக்கு என்ன இருக்கிறது? தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிகள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொதுச் சுகாதார இயக்ககத்தின் கீழ். 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் இது. தனியான பொதுச் சுகாதாரப் பணியாளர் அமைப்பை இன்றும் காத்துவரும் மாநிலம் இது. அந்தப் பெருமையே கல்லூரிகளைக் களத்திலிருந்து தள்ளி வைத்துவிட்டது. ஒரு ஒன்றியத்தில் யாருக்கு என்ன நோய் என்று ஒரு இயக்ககத்துக்குத் தெரியும். அதை வைத்துக் கற்பிக்க வேண்டியவர்கள் இன்னொரு இயக்ககத்தில் இருக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு கல்லூரிக்கும் சொந்தமாக ஒரு மக்கள்தொகை. ஒரு ஒன்றியம், பெயரோடும் வீட்டோடும் வயதோடும். தேசிய மருத்துவ ஆணையம் இப்போது ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. அவர்கள் எழுதும் குறிப்பு மதிப்பெண் வாங்கியபின் அலமாரிக்குப் போய்விடுகிறது. 150 மாணவர்கள், ஆளுக்கு ஐந்து குடும்பம் என்று வைத்தால், ஒரு வகுப்புக்கு 750 குடும்பங்கள். நான்கு வகுப்புக்கு 3,000 குடும்பங்கள், பத்தாயிரம் பேருக்கு மேல். இதை ஒரே பதிவேட்டில் சேர்த்து, முந்தைய வகுப்பு விட்ட இடத்திலிருந்து அடுத்த வகுப்பு தொடர்ந்தால் பெரிய கூடுதல் செலவில்லாமல் நிரந்தரப் பின்தொடர்வு ஆய்வு ஒன்று கிடைக்கும். மேற்படிப்பு ஆய்வேடுகள் தனித்தனித் தாள்களாக இல்லாமல் அந்தப் பதிவேட்டின் அடுத்தடுத்த பக்கங்களாகட்டும். குழந்தை மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் தங்கள் கேள்விகளை அங்கே கொண்டுவரட்டும். இறுதித் தேர்வில் விகிதத்தின் வரையறையைக் கேட்காமல், பரிசோதனைத் தாளோடு ஒரு நோயாளியை உட்காரவைத்து, இவர் வந்த ஊரை வைத்து இந்தத் தாளை எவ்வளவு நம்பலாம் என்று கேட்கட்டும்.

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்று இருக்கும் நீலகிரியில் பழங்குடி மக்களின் அரிவாள் ரத்தசோகை இருக்கிறது. திருப்பூரில் பனியனும் சாயமும், விருதுநகரில் பட்டாசு. ராமநாதபுரத்தில் உப்பளத் தொழிலாளர்கள் கொளுத்தும் வெயிலில் நின்று சிறுநீரகத்தைப் பறிகொடுக்கிறார்களா என்ற கேள்வி இருக்கிறது. இவை டெல்லியிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஆண்டுக்கு ஒருமுறை வந்து பார்த்துப் போகும் கேள்விகள் இல்லை. பத்து இருபது ஆண்டுகள் அதே மக்களோடு இருந்து எண்ண வேண்டியவை. அங்கே கல்லூரி இருக்கிறது, மாணவர்கள் இருக்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. வேண்டியது இரண்டு இயக்ககங்களும் சேர்ந்து கையெழுத்திடும் ஒரு அரசாணையும், நிரந்தரப் பணியிடத்தில் நான்கைந்து களப்பணியாளர்களும். முதல் மூன்று நான்கு ஆண்டுகள் அந்தப் பதிவேட்டிலிருந்து சொல்லும்படியான ஒரு கட்டுரைகூட வராது. அதைக் காரணம் காட்டி யாரும் அதை மூடிவிடக் கூடாது என்பதையும் அந்த ஆணையிலேயே எழுதிவிட வேண்டும்.